லிமாவில் ஒரு வளரும் பேட்டை: ப்ரெவியின் கதை

உலகத்தில் பெயர் பெற்ற கட்டிடக் கலைஞர்களை நாடு நாடாகப் பொறுக்கி எடுத்து, "குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழ ஒரு பேட்டை வேண்டும், வரைந்து கொடுங்கள்" என்று எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன கிடைக்கும்? அற்புதமா, குழப்பமா?

இது கற்பனைக் கேள்வி இல்லை. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் தலைநகரான லிமாவில், 1960களின் கடைசியில் நிஜமாகவே இப்படி ஒரு முயற்சி நடந்தது. அதன் பெயர் ப்ரெவி. பரிசோதனை வீட்டுவசதித் திட்டம் என்று பொருள் தரும் ஸ்பானிஷ் சொற்களின் சுருக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சித் திட்டம் துணை நின்றது. பிரிட்டன், ஜப்பான், நெதர்லாந்து, போலந்து, பின்லாந்து, கொலம்பியா என்று பல நாடுகளிலிருந்து ஆட்களை அழைத்தார்கள். இந்தியாவின் சார்பில் சார்லஸ் கொரியா கலந்துகொண்டார்.

காமர்ஸ் படிக்கிற ஆளுக்குக் கட்டிடக் கலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இது ஒரு கணக்கு விஷயமாகத்தான் முதலில் கண்ணில் பட்டது. ஒரு முதலீடு லாபமா நஷ்டமா என்று எந்தத் தேதியில் கணக்கை மூடிப் பார்க்க வேண்டும்? ப்ரெவியின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் இருக்கிறது.

பாய் வீட்டிலிருந்து செங்கல் வீடு

முதலில் லிமாவின் நிலைமையைப் பார்ப்போம். 1940 கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் மக்கள்தொகை சுமார் 6.5 லட்சம். 1961ல் 18 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1972ல் 33 லட்சம். ஆண்டிஸ் மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்பு தேடி ஜனங்கள் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் வீடு கட்டித் தர எந்த அரசாங்கத்தாலும் முடியவில்லை.

மக்கள் காத்துக்கொண்டும் இருக்கவில்லை. நகரத்தைச் சுற்றியிருந்த பாலை நிலத்தில் பல குடும்பங்கள் கூடிப் பேசி, ஒரே இரவில் போய் இடம் பிடித்தன. நாணல் பாய்களை நிறுத்திக் குடிசை போட்டு, மேலே பெரு நாட்டுக் கொடியையும் பறக்க விட்டார்கள். லிமாவில் மழை என்பதே அபூர்வம் என்பதால் பாய் வீடு தாங்கியது. அப்புறம் கையில் காசு சேரச் சேரப் பாய் போய் செங்கல் வந்தது, செங்கல் மேல் தளம் வந்தது. தளத்துக்கு மேல், அடுத்த மாடிக்காகக் கம்பிகளை நீட்டி விட்டார்கள். (நம் ஊர் மொட்டை மாடிகளில் துருப்பிடித்து நிற்கும் அதே கம்பிகள்தான்!) இந்தக் குடியேற்றங்களுக்கு பர்ரியாதா என்று பெயர். 1961ல் இவற்றை அங்கீகரித்து ஒரு சட்டமே போட்டார்கள்.

அந்தக் காலத்துப் பெரும்பாலான அதிகாரிகள் பர்ரியாதாவை நோயாகப் பார்த்தார்கள். ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் வேறு மாதிரி பார்த்தார். 1957 முதல் 1965 வரை பெருவில் வேலை செய்த அவர், இது நோய் இல்லை, தீர்வு என்றார். ஒரு வீடு எப்படி இருக்கிறது என்பதைவிட, அந்தக் குடும்பத்துக்கு அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம் என்பது அவர் வாதம். இந்த வாதம் பின்னாளில் உலக வங்கி வரை போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜனாதிபதியே ஒரு கட்டிடக் கலைஞர்

1963ல் பெருவின் ஜனாதிபதியான ஃபெர்னாண்டோ பெலாவுண்டே டெர்ரி அடிப்படையில் ஒரு கட்டிடக் கலைஞர். வீட்டுவசதி அவருடைய சொந்த ஆர்வம். அவருடைய அரசுக்கு ஆலோசகராக இருந்த பீட்டர் லேண்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு யோசனை சொன்னார். மாடி மாடியாக உயரும் அடுக்குக் கட்டிடங்கள் வேண்டாம். தாழ்வான வீடுகளையே நெருக்கமாகக் கட்டுவோம். ஒவ்வொரு வீடும் சிறிதாகத் தொடங்கி, குடும்பம் பெருகும்போது தானும் பெருகட்டும். பேட்டையின் நடுவில் கார் வர வேண்டாம், மனிதர்கள் நடக்கட்டும். நிலநடுக்கத்தையும் வீடு தாங்க வேண்டும்.

திட்டத்தில் பல பிரிவுகள் இருந்தன. புதிதாக ஒரு பேட்டை கட்டுவது ஒன்று. நகரத்தின் பழைய பகுதியைச் சீரமைப்பது இரண்டாவது. மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து மக்களே கட்டிக்கொள்ள விடுவது மூன்றாவது. 1970 மே 31ல் பெருவைப் புரட்டிப்போட்ட பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, மறுசீரமைப்புக்காக நான்காவது ஒன்றும் சேர்ந்தது. இவற்றில் உலகம் பேசியது முதல் பிரிவைத்தான்.

அதற்கு வெளிநாடுகளிலிருந்து 13 குழுக்களை அழைத்தார்கள். பெருவுக்குள் ஒரு போட்டி வைத்து இன்னொரு 13 குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சரிக்குச் சரி. இந்தச் சின்ன ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வெளிநாட்டு நிபுணர் வந்து பாடம் நடத்த, உள்ளூர்க்காரர் குறிப்பெடுத்துக்கொள்ளும் வழக்கமான கதை இங்கே இல்லை. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். மனை 80 முதல் 150 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால், கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. அதற்குள் வளரக்கூடிய ஒரு வீடு வேண்டும். இலக்கு 1,500 வீடுகள்.

வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் ராணுவம் உள்ளே வந்தது. 1968 அக்டோபர் 3ந் தேதி ஜெனரல் ஹுவான் வெலாஸ்கோ ஆல்வரடோ ஆட்சியைப் பிடித்தார். பெலாவுண்டே நாடு கடத்தப்பட்டார். பொதுவாக ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டத்துக்கு என்ன கதி ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆச்சரியமாக, ப்ரெவியை ராணுவ அரசு நிறுத்தவில்லை. ஐ.நா.வின் பெயர் அதில் இருந்ததும் ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கலாம்.

ஆளுக்கொரு பதில்

கேள்வி ஒன்றுதான், பதில்கள் 26. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டனின் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் நடுவில் முற்றம் வைத்து, அதைச் சுற்றி அறைகள் வளரும்படி வரைந்தார். நம் பழைய முற்ற வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் ஆல்டோ வான் ஐக் மனைகளின் சுவர்களையே சாய்வாகப் போட்டார். நேர்க்கோட்டு மனை என்றால் ஜனங்கள் முற்றத்தையும் மூடி அறை கட்டிவிடுவார்கள், சாய்வாக இருந்தால் அது சிரமம் என்பது அவர் கணக்கு. சார்லஸ் கொரியா 1960களின் தொடக்கத்திலேயே அகமதாபாத்தில் குறுகலான, நீளமான, காற்று தானாக மேலேறி வெளியே போகும் ஒரு வீட்டைக் கட்டிப் பார்த்தவர். லிமாவுக்கும் அதே சிந்தனையில் குறுகலான வரிசை வீடுகளையே கொடுத்தார்.

ஜப்பானிலிருந்து கிகுடாகே, மாகி, குரோகாவா மூவரும் சேர்ந்து ஒரே குழுவாக வந்தார்கள். கட்டிடமும் நகரமும் உயிரினம் போல வளர்ந்து மாற வேண்டும் என்று 1960ல் அறிக்கை விட்ட இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள்.

எல்லோரையும்விட வித்தியாசமாக வேலை செய்தது அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் குழு. வரைபடப் பலகைக்கு முன் உட்காருவதற்கு முன்னால், குழுவில் இருந்தவர்கள் லிமாவின் எளிய குடும்பங்களோடு தங்கினார்கள். வீட்டுக்கு வருபவரை எங்கே உட்கார வைக்கிறார்கள், யார் எதுவரை உள்ளே வரலாம், அம்மா சமையலறையிலிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்று கவனித்து எழுதினார்கள். விருந்தினருக்கென்று வாசலை ஒட்டி ஓர் அறை, அதைத் தாண்டி குடும்பம் கூடும் இடம், அதற்கும் உள்ளே படுக்கை என்ற வரிசை அவர்களுக்குப் புலப்பட்டது. திண்ணை, ரேழி, கூடம் என்று வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் அதை உட்கார்ந்து கவனித்தார்களே, அதுதான் விசேஷம். ஒவ்வொரு குடும்பமும் தன் தேவையைச் சொல்ல வேண்டும், அதன்படி அதன் வீடு அமைய வேண்டும் என்பது அவர்கள் யோசனை.

1969ல் நடுவர் குழு கூடியது. வெளிநாட்டுக் குழுக்களில் மூன்று வெற்றி பெற்றன: சுவிட்சர்லாந்தின் அட்லியே 5, ஜெர்மனியின் ஹெர்பர்ட் ஓல், ஜப்பானியர் மூவர். பெரு நாட்டுக் குழுக்களிலும் மூன்று. அலெக்சாண்டருக்கு ஆதரவாக நடுவர் குழுவுக்குள்ளேயே ஒரு மாற்றுக் கருத்து அறிக்கை எழுந்தது. அப்புறம்தான் திட்டத்தின் போக்கையே மாற்றிய முடிவு வந்தது. வென்றவற்றை மட்டும் பெரிய அளவில் கட்டுவதை விட்டுவிட்டு, ஏறக்குறைய எல்லா வடிவங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பேட்டையில் கட்டிப் பார்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். லிமாவில் இருந்த பெரு நாட்டுக் கட்டிடக் கலைஞர்களும் பொறியாளர்களும் பீட்டர் லேண்டோடு சேர்ந்து, வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த வரைபடங்களை ஒரே பேட்டைக்குள் பொருத்தினார்கள். நடுவே நீளமாக ஒரு நடைபாதை, அதிலிருந்து பிரியும் சந்துகள், வீட்டுக் கொத்துகளுக்கு நடுவில் சின்னச் சின்னச் சதுக்கங்கள். கார்கள் ஓரத்திலேயே நின்றுவிடும்.

கணக்கை மூடிய நாள்

1970களின் நடுவில் மக்கள் குடிவந்தார்கள். கட்டப்பட்ட வீடுகள் 1,500 இல்லை, 500க்கும் கொஞ்சம் குறைவு.

அன்றைய தேதியில் கணக்குப் பார்த்தால் ப்ரெவி நஷ்டம்தான். எந்தப் பி.காம். மாணவரும் காரணத்தைச் சொல்லிவிடுவார். அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர்களை ஆயிரக்கணக்கில் செய்தால்தான் ஒன்றின் விலை குறையும். 20க்கும் மேற்பட்ட வகைகளில், வகைக்கு 20 வீடு என்று கட்டினால் அச்சுக் கூலியே கட்டாது. பெருமளவு உற்பத்தி என்ற அடிப்படையே அங்கே அடிபட்டுப் போனது. வீடுகள் போய்ச் சேர்ந்ததும் பர்ரியாதாவின் பரம ஏழைகளுக்கு அல்ல. மாதத் தவணை கட்ட முடிந்த, அவர்களுக்கு ஒரு படி மேலே இருந்த குடும்பங்களுக்குத்தான்.

ராணுவ அரசும் வேறு வழியில் போய்விட்டது. 1971ல் லிமாவுக்குத் தெற்கே பாலைவனத்தில் வில்லா எல் சால்வடோர் என்ற இடத்தில் தெருவும் மனையும் மட்டும் கோடு கிழித்துக் கொடுத்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. கட்டிடக் கலைஞரும் இல்லை, செலவும் குறைவு. ப்ரெவியைப் போல இன்னொரு பேட்டை எழும்பவில்லை. கட்டிடக் கலைப் பத்திரிகைகளும் அதை மெல்ல மறந்தன.

முப்பது வருஷம் கழித்து

2000களில் சிலி நாட்டைச் சேர்ந்த இளம் கட்டிடக் கலைஞர்கள் சிலர் ப்ரெவியைத் தேடிப் போனார்கள். முதலில் வரைந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீடு வீடாக ஏறி, என்ன மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். 2008ல் அது புத்தகமாக வந்தது. காலமே கட்டுகிறது என்பது அதன் தலைப்பின் பொருள்.

அவர்கள் கண்டது இதுதான். யாருடைய வீடு எது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. ஸ்டெர்லிங்கின் வீட்டுக்கு மேல் இரண்டு மாடி. எங்கோ ஒரு மளிகைக் கடை, எங்கோ ஒரு மழலையர் பள்ளி. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி, மாடியில் தனிக்குடித்தனம். வாடகைக்கு விட்ட அறைகள். ஆல்டோ வான் ஐக் சாய்வுச் சுவர் போட்டுக் காப்பாற்ற நினைத்த முற்றத்தைக்கூட மூடி அறை கட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் பேட்டையை விட்டுப் போகவில்லை. வருமானம் கூடியபோது வேறு இடம் தேடாமல் அங்கேயே மாடி எழுப்பியிருந்தார்கள்.

கணக்குப் பாடத்தில் கட்டிடத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவோம். ப்ரெவி வீட்டில் அது தலைகீழ். கையில் கொடுத்த நாளில்தான் அது மிகக் குறைந்த மதிப்பில் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் குடும்பமே முதலீடு போட்டு ஏற்றிக்கொண்டே போனது. அரசாங்கம் கணக்கை மூடியது, வீடு கணக்கைத் தொடங்கிய நாளில்!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வளரும் கட்டிடம் என்று முழங்கிய ஜப்பானியர்களில் ஒருவரான குரோகாவா, 1972ல் டோக்கியோவில் நககின் கோபுரம் என்ற ஒன்றைக் கட்டினார். 140 பெட்டி அறைகள். பழசானால் ஒவ்வொரு பெட்டியையும் கழற்றிப் புதுசு மாட்டலாம். உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஒரு பெட்டியைக்கூட அப்படி மாற்றவில்லை. 2022ல் கோபுரத்தையே பிரித்து எடுத்துவிட்டார்கள். அதே ஆள் கூட்டாக வரைந்த லிமா வீடுகளோ, கொத்தனாரையும் செங்கல்லையும் வைத்துக்கொண்டு வளர்ந்து நிற்கின்றன. வித்தியாசம் தொழில்நுட்பத்தில் இல்லை. டோக்கியோவில் மாற்றம் செய்ய நிபுணர் வேண்டும், லிமாவில் தெருமுனைக் கொத்தனார் போதும்.

அப்படியானால் நிபுணர் எதற்கு?

ப்ரெவியைப் பற்றிப் பேசுகிற பலர் இங்கே ஒரு அவசர முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "பார்த்தீர்களா, மக்களே கட்டிக்கொள்வார்கள், நிபுணரும் வேண்டாம் அரசும் வேண்டாம்." இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மக்கள் எதை மாற்றினார்கள் என்று பார்ப்பதோடு, எதை மாற்றவில்லை என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் எல்லாமே மாறிவிட்டது. ஆனால் நடு நடைபாதை அப்படியே இருக்கிறது. சின்னச் சதுக்கங்கள் பெரும்பாலும் நிலைத்துவிட்டன. சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களே செடி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குடும்பம் இருபது வருஷத்தில் தன் வீட்டுக்கு மாடி கட்டிவிடும். ஆனால் எத்தனை வருஷம் உழைத்தாலும் ஒரு தனிக் குடும்பத்தால் ஒரு சதுக்கத்தை உண்டாக்க முடியாது. தெருவின் அகலத்தையும் சாக்கடையின் வாட்டத்தையும் பிறகு திருத்துவதும் கஷ்டம். அஸ்திவாரமும் அப்படித்தான். நிலநடுக்க நாட்டில், முதலில் கணக்குப் போட்டதற்கு மேல் இரண்டு மாடி ஏற்றும்போது கூடவே ஒரு பொறியாளர் இருந்திருக்க வேண்டும். அங்கே அரசு கைவிட்டது நிஜமான குறை.

ஆக, 26 குழுக்களும் மாய்ந்து மாய்ந்து வரைந்ததில், வீட்டு வடிவத்தைவிட வீடுகளுக்கு நடுவில் விட்ட வெற்றிடம்தான் அதிகம் நிலைத்தது. அதைத் தனி ஒரு மேதை வரையவில்லை. பல பேர் வரைந்ததை ஒன்றாகப் பொருத்த வேண்டியிருந்த லிமா குழுவின் வேலை அது.

நமக்கும் ஒரு பங்கு

டர்னர் முன்வைத்த சிந்தனை உலக வங்கி வரை போனது என்றேன். மனையும் குடிநீரும் சாக்கடையும் கொடுத்து, வீட்டை மக்களிடம் விடுவது என்ற அந்த வழி, ப்ரெவியின் மூன்றாவது பிரிவில் இருந்த அதே வழி, 1970களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு சென்னைக்கும் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களின் மனைப்பிரிவுகள் அப்படி உருவானவை. காலி மனைகள் நிரம்பத் தாமதமானபோது, இங்கேயும் தோல்வி என்றுதான் சொன்னார்கள். உலக வங்கி ஆய்வாளர்களும் பங்கேற்று 2018ல் வெளியான ஓர் ஆய்வு, இருபது வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இந்தப் பேட்டைகள் பல வருமானத்தாரும் சேர்ந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக ஆகியிருப்பதாகச் சொன்னது. லிமாவின் அதே கதை.

சிலியின் அலெஹான்த்ரோ அரவேனா 2000களின் தொடக்கத்தில் இக்கிக்கே நகரத்தில் பாதி வீடு மட்டும் கட்டிக் கொடுத்து, மீதிப் பாதியைக் குடும்பங்கள் கட்டிக்கொள்ள இடம் விட்டார். 2016ல் அவருக்குக் கட்டிடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. கொரியாவும் 1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில் வளரக்கூடிய வீடுகளைக் கட்டினார். லிமாவில் கேட்ட கேள்வியை யாரும் விட்டுவிடவில்லை.

இனி ஏதாவது ஒரு வீட்டுவசதித் திட்டம் வெற்றி என்றோ தோல்வி என்றோ செய்தி படித்தால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒன்று, எந்தத் தேதியில் கணக்குப் பார்த்தார்கள்? சாவி கொடுத்த அன்றா, பேரப்பிள்ளை பிறந்த பிறகா? இரண்டு, குடியிருப்பவர் தன் காசில் ஒரு அறை கூட்டிக்கொள்ள அங்கே வழி இருக்கிறதா? ஊருக்கு வெளியே எட்டு மாடி அடுக்கில் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் வைத்தால், முப்பது வருஷம் கழித்தும் அது அதே வீடுதான், தேய்மானம் கழித்து. லிமாவில் அந்த ஐந்நூறு குடும்பங்களுக்குக் கிடைத்தது முடிந்துபோன வீடு இல்லை, தொடங்கி வைத்த வீடு. ஏழைக்கு வீடு கொடுக்கிறோம் என்று சொல்கிற யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.